துருப்பிடிக்கும் ஊரில் திகில் புத்தகங்கள்

தூத்துக்குடியில் காமிக்ஸ் சேர்ப்பவனுக்குக் கரையானைவிடப் பெரிய எதிரி, புத்தகத்தின் நடுவில் அடித்திருக்கும் பின். கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வரும். பின் முதலில் மங்கும், பிறகு பழுக்கும், அப்புறம் அதைச் சுற்றி நடுப்பக்கத்தில் காவி நிறத்தில் ஒரு வட்டம் விழும். வட்டம் விழுந்த இடத்தில் தாள் பொடிந்து, ஒருநாள் நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். அதனால் பழைய புத்தகம் எது கிடைத்தாலும் நான் முதலில் பின்னைத்தான் கழற்றுவேன். மழுங்கிய கத்தி முனையால் அதன் கால்களை நிமிர்த்தி, முதுகுப்பக்கமிருந்து மெல்ல இழுக்க வேண்டும். பிறகு அதே துளைகளில் வெள்ளை நூலைக் கோத்து முடிச்சுப் போடுவேன். மதுரையிலும் கோவையிலும் இருக்கும் நண்பர்கள் அச்சகத்தில் அடித்த பின்னோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். அது அந்த ஊர்க் காற்றின் கொடுப்பினை.

நான் எல்லாக் காமிக்ஸையும் சேர்க்கவில்லை. குதிரைக்காரர்களும் துப்பறிவாளர்களும் எனக்குப் பிடித்தவர்கள்தான், ஆனால் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பீரோ. ஆகவே சிறு வயதில் என்னைப் பயமுறுத்தியவற்றுக்கு மட்டும் இடம் கொடுத்தேன். ரசிகர் கூட்டங்களில் "ஏன் திகில் மட்டும்?" என்று கேட்பார்கள். நின்றபடி சொல்லக்கூடிய பதில் இல்லை அது. வீட்டிலிருந்தும் கடலிலிருந்தும் தொடங்கவேண்டும்.

அப்பா தோணியில் வேலை பார்த்தார். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன பாய்மரத் தோணிகள் அவை. 1974இல் புதிய துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்படும் வரைக்கும் பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கை இந்தத் தோணிகள்தான் கொண்டுபோய்க் கொண்டுவரும் என்பார்கள். நான் கண்ட காலத்தில் அந்த வேலை குறைந்து, கடல் தாண்டும் ஓட்டமே மிச்சம் இருந்தது. தாத்தா முத்துக் குளித்தவர். 1955 முதல் 1961 வரை இங்கே நடந்த கடைசி முத்துக்குளிப்புகளில் கடலடிச் சிப்பிப் பாரில் இறங்கியவர், அதன்பின் சங்கு குளித்தவர். ஒரு காது கேட்காது.

இப்படிப்பட்ட வீட்டில் பயம் நிறைய இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காற்று ஏறின இரவில் ஆச்சி மாதா படத்தின் முன்னால் மெழுகுதிரி ஏற்றிச் செபமாலையை உருட்டுவாள். அன்றைக்குச் செபம் கொஞ்சம் சத்தமாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். "அப்பா எப்ப வருவாவ ஆச்சி?" என்று கேட்டால், "வருவாவ லே, சோத்தத் தின்னு" என்பாள். யாராவது கடலில் போன கதையைத் தெருவில் பேசினால் கதவைச் சாத்துவாள். அந்திக்குமேல் அந்தப் பேச்சு வீட்டுக்குள் வரக் கூடாது. பயந்தால் அது நடந்துவிடும் என்ற நம்பிக்கை அது. பத்து வயதுப் பையனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டால், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அந்த வீட்டில் இடம் இல்லை.

எனக்கு இடம் கிடைத்தது படங்களில்.

முதலாவது அம்புலிமாமா. விக்கிரமாதித்தன் வாளோடு நடக்க, அவன் தோளில் பிணம் தொங்கும் அந்தப் படம். ஓவியர் சங்கர் வரைந்தது. மாதாமாதம் கதை மாறும், அந்தப் படம் வரும். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் பேசும், அரசன் பதில் சொன்னால் பறந்துபோய் மறுபடி முருங்கைமரத்தில் ஏறிக்கொள்ளும். அரசன் சலிக்காமல் திரும்பிப்போய்த் தூக்குவான். பயத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம், அதோடு பேசிக்கொண்டும் போகலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது கை. பெரியப்பா மகன் வைத்திருந்த முத்து காமிக்ஸ், 'இரும்புக்கை மாயாவி'. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த முதல் புத்தகம் அது. என் கைக்கு வந்தபோது அட்டை போய், எட்டயபுரம் வரை போய்த் திரும்பியிருந்தது. கதை இங்கிலாந்தில் 1962இல் 'வேலியண்ட்' வாரப் பத்திரிகையின் முதல் இதழிலேயே தொடங்கியது. வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வக உதவியாளன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் முழு உடலும் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். பின்னால் அவன் நல்லவனாகி உளவாளியானதைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். முதல் கதையில் அவன் மனம் திரிந்த குற்றவாளி. எனக்கு அந்த முதல் கதைதான் உண்மையான மாயாவி. ஓர் அறை, ஒரு மேசை, அதன் மேல் யாருமில்லாமல் அசையும் ஒரு கை. விரல்கள் லேசாக மடங்கியிருக்கும். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. இருக்கவேண்டிய ஆள் அங்கே இல்லை, ஆனால் இருக்கிறான். அப்பா வராத இரவுகளில் அந்தக் கட்டங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஏன் என்று அன்றைக்குத் தெரியாது.

அதை வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அவர் பெயரைத் தெரிந்துகொண்டது மிகப் பிந்தி, ஆனால் அவர் தூரிகையை அன்றே அடையாளம் தெரியும். முகத்தில் பாதியை வெளிச்சத்தில் விட்டு மீதியைக் கருப்பில் மூழ்கடிப்பார். பெரிய வாரப் பத்திரிகைப் பக்கத்துக்காக வரைந்த படங்கள் சிவகாசியில் கையடக்கப் புத்தகமாகும்போது கட்டங்கள் இடம் மாறும், ஓரங்கள் நறுங்கும். அச்சில் மை கொஞ்சம் பரவும். மலிவுத் தாள் அந்த மையைக் குடிக்கும். லண்டன் இதழை என் நண்பர் ஒருவர் வாங்கிக் காட்டியபோது நிழலுக்குள் நுண்ணிய கோடுகள் இருப்பதைப் பார்த்தேன். எங்கள் புத்தகத்தில் அந்தக் கோடுகள் கலந்து ஒரே இருட்டாகியிருந்தன. அச்சுக்கலை தெரிந்தவர்கள் இதைக் குறை என்பார்கள். நான் இன்றைக்கும் சிவகாசி இருட்டுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

1984 ஒரு விசேஷமான வருஷம். லண்டனில் 'ஸ்க்ரீம்' என்று சிறுவர்களுக்கான திகில் வார இதழ் ஒன்று மார்ச்சில் தொடங்கி, பதினைந்தே இதழ்களில் ஜூன் கடைசியோடு நின்றது. அடுத்த மாதம், ஜூலையில், இங்கே இரண்டு காமிக்ஸ் பிறந்தன. ஒன்று சிவகாசியிலிருந்து லயன். அதைத் தொடங்கிய எஸ். விஜயன் அப்போது பதின்வயதுக்காரர். மற்றொன்று தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ். 'அழகியைத் தேடி' என்ற ஜேம்ஸ்பாண்டு கதையோடு மாதம் இருமுறையாக வந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெட்டிக்கடைகளில் கயிறு கட்டி, கிளிப் மாட்டி, வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பஸ் ஏறுகிறவர்கள் வாங்கும் வேகத்தைப் பார்த்து நாங்கள் அவதிப்படுவோம், நம் காசு சேர்வதற்குள் தீர்ந்துவிடுமோ என்று.

1986இல் லயன் குடும்பத்திலிருந்து 'திகில்' வந்தது. பெயரே திகில் காமிக்ஸ். எனக்காகவே பெயர் வைத்ததுபோல இருந்தது. பேட்மேனைத் தமிழில் நான் முதலில் பார்த்தது அதில்தான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது 'கறுப்புக் கிழவி' கதைகள். சின்னச் சின்னக் கதைகள். ஒரு கிழவி சொல்லத் தொடங்குவாள், நடுவில் காணாமல் போவாள், கடைசியில் திரும்பி வருவாள். கெட்டது செய்தவனுக்கு அவன் செய்ததே வந்து சேரும். கதை நாலைந்து பக்கத்தில் முடிந்துவிடும். அந்த அளவு மிக முக்கியம். நீளமான கதையில் பயம் சலித்துவிடும், இதில் சலிக்க நேரம் இல்லை. கடைசிக் கட்டம் எப்போதும் பக்கத்தைத் திருப்பியபின்தான் வரும். வலது பக்கத்தின் கீழ் மூலையில் ஒருவன் கதவின் கைப்பிடியில் கை வைத்திருப்பான். தாளைத் திருப்புவது நாம். நாம் திருப்பாவிட்டால் அவன் கதவைத் திறக்கவே மாட்டான். சினிமாவில் இது கிடையாது. சினிமாவில் நம்மைக் கேட்காமல் கதவு திறந்துவிடும். காமிக்ஸில் மட்டும்தான் பயத்தின் சாவி வாசகனிடம் இருக்கிறது. படுக்கையில் அந்த மூலையில் விரலை வைத்துக்கொண்டு எத்தனையோ நேரம் கிடந்திருக்கிறேன். திருப்பியதும் வரும் ஆறுதல் இருக்கிறதே, அதற்காகத்தான் மறுபடி மறுபடி போனது.

ஆச்சிக்கு இந்தப் புத்தகங்கள் பிடிக்காது. கிழித்துப்போட்டதும் இல்லை. மாதா கோயிலில் ஆகஸ்டு 5ஆம் தேதித் திருவிழா முடிந்து வந்த ஒருநாள், தலையணைக்கடியில் இருந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்து, "இந்தக் கிழவி ஆரு? என்னய மாதிரி இருக்கா" என்றாள். அதோடு சரி.

எங்கள் ஊரில் கப்பலுக்குப் போகாத வீடு குறைவு. சித்தப்பா சரக்குக் கப்பலில் போனவர். அவர் வரும்போது சோப்பு, டார்ச், சட்டைத்துணியோடு, கப்பலில் மாலுமிகள் வாசித்துப் போட்ட பத்திரிகைகளும் பெட்டிக்கடியில் கிடக்கும், பாத்திரங்களுக்கு இடையில் அடைப்பாக. அப்படி வந்தது அட்டையில்லாத ஓர் ஆங்கிலக் காமிக்ஸ். எங்கள் புத்தகங்களைவிட மூன்று மடங்கு பெரியது, கருப்பு வெள்ளை. வருஷங்கள் கழித்து அது அமெரிக்காவின் வாரன் நிறுவனத்தின் 'க்ரீப்பி' என்று கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்கு அந்த ஆங்கிலம் எட்டவில்லை. படத்தை மட்டும் வாசித்தேன். அதில் ஒரு கதையில், கடலில் மூழ்கிச் செத்தவர்கள் அடியில் நின்றுகொண்டிருப்பார்கள், மேலே போகும் கப்பலைப் பார்த்தபடி.

அதைத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தாத்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எழுத்துத் தெரியாதவர். புத்தகத்தை வாங்கித் தூரத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்தார்.

"முடி இப்படித் தொங்காது லே. தண்ணிக்குள்ள மேல எந்திரிச்சு நிக்கும், ஆடும்."

நான் பேசாமல் இருந்தேன்.

"கண்ணு தெறந்திருக்கும். அது சரியாத்தான் போட்டிருக்கான்."

அன்றைக்கு அவர் சொன்னது போல அதற்கு முன்னால் எவரும் எனக்குச் சொன்னதில்லை. கல்லைப் பிடித்து இறங்குவது, ஏழெட்டுப் பாகம் ஆழத்தில் காது வெடிப்பதுபோல வலிப்பது, வெளிச்சம் பச்சையாகி அப்புறம் சாம்பலாவது, சிப்பியைப் பிடுங்கி வலைப்பையில் போடும்போது முதுகுக்குப் பின்னால் ஏதோ நிற்பதாகத் தோன்றுவது. திரும்பிப் பார்க்கக் கூடாதாம். பார்த்தால் மூச்சு போய்விடும். மேலே கயிறு பிடித்திருப்பவனை நம்பிக் கயிற்றை ஒரு இழுப்பு இழுக்க வேண்டியதுதான். ஒரு கூட்டாளியைப் பற்றியும் சொன்னார், கயிறு மட்டும் மேலே வந்த கதை. ஆச்சி உள்ளேயிருந்து, "என்னத்தப் பேசுதிய சின்னப் புள்ளகிட்ட" என்றாள். தாத்தா நிறுத்தவில்லை. "புத்தகத்துல போட்டிருக்கான், அதச் சொல்லுதேன்" என்றார்.

புத்தகத்தில் போட்டிருந்ததால் அவரால் சொல்ல முடிந்தது. முப்பது வருஷமாக அவர் வீட்டில் பேசாதிருந்ததைக் கடல் பார்த்தேயிராத எவனோ வரைந்த ஒரு பக்கம் பேசவைத்தது. திகில் காமிக்ஸை நான் இந்த வயதிலும் தேடி அலைவதற்கு இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

கடல்கட்டியைப் பற்றிக் கேட்டதும் அப்போதுதான். முத்துக்குளிப்பு நடக்கும்போது சுறாக்களை மந்திரத்தால் கட்டிவைப்பவருக்குக் கடல்கட்டி என்று பெயர். தாத்தா காலத்தில் அவர் இல்லை, தாத்தாவின் அப்பா சொல்லக் கேட்டதாம். பின்னால் மார்க்கோ போலோவின் பயணக்குறிப்பில் அதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடலைப் பற்றி அவர் சொல்கிறார்: கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு மீனைக் கட்டுபவர்களுக்கு. கட்டு பகலுக்கு மட்டுமே செல்லும். இரவானால் அவிழ்த்துவிடுவார்கள், மீன்கள் தம் இஷ்டப்படி கடிக்கலாம். இருட்டில் எவரும் திருட்டுத்தனமாகக் குளித்து முத்து எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. எந்தத் திகில் எழுத்தாளனும் இதைவிட நல்ல நாலு பக்கக் கதையை எழுதியிருக்க மாட்டான். அவிழ்த்துவிட்ட கடலில் ஒரு திருடன் இறங்குகிறான், கரையில் கடல்கட்டி தூங்கப் போகிறார். இதை எவராவது தமிழில் வரையவேண்டும் என்று சந்திக்கும் இளம் ஓவியர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

திகில் புத்தகங்களுக்கு எதிராக ஒரு சட்டமே இருக்கிறது என்று தெரிந்தது வேலைக்குப் போன பிறகு. அமெரிக்காவில் 1950இல் இ.சி. நிறுவனம் 'டேல்ஸ் ஃப்ரம் த க்ரிப்ட்' போன்ற திகில் இதழ்களைக் கொண்டுவந்தது. அங்கேயும் கதை சொல்ல ஒரு கிழவி உண்டு, சூனியக்காரி. கறுப்புக் கிழவிக்கு மூத்த அக்கா என்று நான் நினைத்துக்கொள்வேன். 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், காமிக்ஸ் சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகிறது என்று புத்தகம் எழுதினார். அந்த வருஷம் ஏப்ரலில் செனட் குழு முன்னால் இ.சி.யின் பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் சாட்சி சொன்னார். வெட்டிய தலையைக் கையில் பிடித்திருக்கும் ஓர் அட்டைப்படத்தைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கேட்டார்கள். அந்த வருஷமே பதிப்பாளர்கள் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள்: தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் கூடாது, நடக்கும் பிணங்களும் ரத்தக்காட்டேரிகளும் கூடாது. 1955இல் பிரிட்டன் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 1956இல் இந்தியாவும் இளையோருக்குத் தீங்கான வெளியீடுகளுக்கு எதிராக ஒரு சட்டம் இயற்றியது. குற்றம், வன்முறை, கொடுமை, அருவருப்பும் பயங்கரமுமான நிகழ்ச்சிகள் ஆகியவற்றைச் சித்திரித்து இளையவர் மனதைக் கெடுக்கும் வெளியீடுகளை விற்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை. இளையவர் என்றால் இருபது வயதுக்குட்பட்டவர்.

குழந்தைகள் மேல் உள்ள அக்கறையில்தான் அந்தச் சட்டங்கள் பிறந்தன, அதை நான் சந்தேகிக்கவில்லை. இ.சி.யின் சில கதைகள் எனக்கே ஒவ்வாதவை. வெட்டுவதையும் கிழிப்பதையும் மட்டுமே காட்டிப் பிழைக்கும் பக்கங்களை நான் காசு கொடுத்து வாங்குவதில்லை. ஆனால் சட்டம் எழுதியவர்கள் ஒன்றை எண்ணிப்பார்க்கவில்லை. பயம் புத்தகத்திலிருந்து வீட்டுக்குள் வருகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். எங்கள் தெருவில் அது எதிர்த்திசையில் நடந்தது. வீட்டில் இருந்த பயத்தைக் கொண்டுபோய் வைக்கத்தான் நாங்கள் புத்தகத்தைத் திறந்தோம். மூடி வைத்தால் அது உள்ளேயே இருக்கும், நாளைக்கும் எடுக்கலாம். கடலை அப்படி மூடிவைக்க வழியில்லை.

வாரன் 1964இல் 'க்ரீப்பி'யைக் கொண்டுவந்தது அந்த விதிகளைத் தாண்டித்தான். காமிக்ஸ் அளவில் போடாமல் பெரிய பத்திரிகை அளவில், கருப்பு வெள்ளையில் போட்டது. பத்திரிகைகளுக்கு விதி பொருந்தாது. எழுபதுகளில் அதன் பக்கங்களை நிறைத்தவர்கள் ஸ்பெயின் ஓவியர்கள். அவர்களில் ஒருவரான ஹோசே ஓர்டிஸ்தான் பின்னால் லண்டனின் 'ஸ்க்ரீம்' இதழில் பதிமூன்றாவது மாடிக் கதையை வரைந்தார். ஒரு கணினி, தன் கட்டடத்தில் குடியிருப்பவர்களைத் துன்புறுத்துகிறவர்களை இல்லாத மாடிக்கு லிஃப்டில் கொண்டுபோகும் கதை. மாயாவியை வரைந்த பிளாஸ்கோவும் ஸ்பெயின், ஓர்டிஸும் ஸ்பெயின். பிராங்கோவின் ஆட்சியில் வாழ்ந்த ஓவியர்கள், வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு வரைந்து பிழைத்தவர்கள். வாயைத் திறக்க முடியாத ஒரு நாட்டிலிருந்து வந்த இருட்டு அது. அதனால்தான் அவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

சேர்ப்பது எப்படி என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது, பழைய பேப்பர் கடைக்காரரோடு உறவு வையுங்கள் என்பதுதான். கிரேட் காட்டன் ரோட்டுப் பக்கம் ஓர் அண்ணாச்சி, எடைக்கு வந்த கட்டுகளைப் பிரிக்காமல் எனக்காக ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருப்பார். சங்கு குளிப்பவர்களைப் போலத்தான் அங்கே வேலை. பெரும்பாலும் வெறும் ஓட்டோடு ஏறவேண்டும். பாடப் புத்தகங்கள், கோனார் உரைகள், டெண்டர் காகிதங்கள், நடுவில் ஒரு ராணி. வாடகை நூலகங்கள் மூடும் காலத்தில் பைண்டு பண்ணின தொகுதிகள் கட்டுக்கட்டாக வந்தன. பைண்டிங்கில் ஓரம் வெட்டியிருப்பார்கள், பேச்சு பலூன்களின் பாதி போயிருக்கும். அவற்றை நான் விட்டுவைத்ததில்லை. அட்டையில்லாதது, பெயர் எழுதியது, மீசை வரைந்தது எல்லாம் எனக்கு வேண்டும். ஒரு திகில் இதழின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதியிருக்கிறது: "இரவில் படிக்காதே." கீழே வேறு கையெழுத்தில்: "படித்துவிட்டேன்."

இப்போது இதழின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் நிரந்தரமாக அடைத்துத் தரும் முறை அமெரிக்காவிலிருந்து பரவிவருகிறது. அந்த உறையை உடைத்தால் மதிப்பு போய்விடும். புரட்ட முடியாத காமிக்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பக்கத்தின் மூலையில் விரல் வைக்க முடியாவிட்டால் திகில் கதை இல்லை. ஈரோடு புத்தகத் திருவிழாவில் வருஷாவருஷம் லயன், முத்து வாசகர்கள் கூடும்போது இதைப் பற்றி என் நண்பர்களோடு பலமாகவே சண்டை போட்டிருக்கிறேன். இடையில் தளர்ந்திருந்த அந்த இரண்டு இதழ்களும் 2012இல் புதுத் தெம்போடு திரும்பி வந்தன. இத்தாலியின் பேய் துப்பறிவாளன் டைலன் டாக் தமிழ் பேசியதும் அதன் பின்தான். அவனும் 1986இல் பிறந்தவன், எங்கள் 'திகில்' பிறந்த அதே வருஷம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் இடுப்பளவு. பீரோவின் கீழ்த் தட்டு இரண்டும் தண்ணீரில். கீழ்த் தட்டில் ராணியும், நூல் போட்டுக் கட்டின திகில் இதழ்களும் இருந்தன. செய்தித்தாள் போன்ற தாள் நனைந்தால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும், அவ்வளவையும் ஒரே நேரத்தில் காயவைக்க வீட்டில் ஓர் இடமும் உலர்ந்திருக்கவில்லை. நனைந்த புத்தகத்தை உறையவைத்துவிட்டால் பூஞ்சை நின்றுவிடும், பிறகு ஆற அமரக் காயவைக்கலாம் என்று நூலகர் ஒருவர் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. மருமகன் மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் குளிர்கிடங்கில் வேலை பார்க்கிறான். ஒவ்வோர் இதழையும் பாலித்தீனில் சுற்றி, ஐஸ்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். இறாலுக்கும் கணவாய்க்கும் பக்கத்தில் கறுப்புக் கிழவி பொங்கல் வரை இருந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பக்கங்களுக்கு நடுவில் வெள்ளைத் தாள் வைத்து, மின்விசிறிக்குக் கீழே விரித்து, தாளை மாற்றி மாற்றி வைத்தோம். வழுவழுப்பான அட்டைகள் ஒட்டிக்கொண்டு போயின. உள்தாள் பெரும்பாலும் பிழைத்தது. அலை அலையாக வளைந்து கிடக்கிறது, ஆனால் மை கரையவில்லை. சிவகாசி மைக்கு நான் கும்பிடு போட்டேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், அப்பாமார் வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கூடமும் லீவு. அந்த இரண்டு மாதமும் மத்தியானங்களில் தெருப்பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். கை கழுவிவிட்டுத் தொடவேண்டும், ஒருநேரத்தில் ஒரு புத்தகம், அவ்வளவுதான் விதி. வண்ணத்தில் அச்சான புது இதழ்களும் வைக்கிறேன், பழைய கருப்பு வெள்ளையும் வைக்கிறேன். போன வருஷம் இரண்டு பையன்கள் எதில் பயம் அதிகம் என்று சண்டை போட்டார்கள். பெரியவன் வண்ணம்தான் என்றான். விசைப்படகு டிரைவர் மகள் ஒருத்தி, ஐந்தாம் வகுப்பு, மாயாவியின் முதல் கதையில் ஆழ்ந்திருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்:

"கலர்ல எங்க இருக்குன்னு தெரிஞ்சிரும். இதுல தேடணும்."

சொல்லிவிட்டு விரலை மூலையில் வைத்துப் பக்கத்தைத் திருப்பினாள்.